வெங்காய வேர்நுனி ஸ்லைடில் நியூக்ளியோலஸ் ஏன் வெளிறித் தெரிகிறது? உள்ளே என்னதான் நடக்கிறது?

கெடிலக்கரை — பள்ளி ஆசிரியர், கடலூர்

வணக்கம். மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். இந்த வாரம் வெங்காய வேர்நுனி செய்முறை நடந்தது. அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைன் விட்டு, லேசாகச் சூடு காட்டி, கவர் ஸ்லிப் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, எல்லாம் வழக்கம்போலத்தான். பகுப்பில் இல்லாத செல்களில் உட்கரு நல்ல சிவப்பாக வந்திருந்தது. அதன் நடுவில் ஒரு வட்டம், சில செல்களில் இரண்டு, சாயமே ஏறாததுபோல் வெளிறி இருந்தது. "சார், இது ஓட்டையா?" என்றாள் ஒரு மாணவி. அதுதான் நியூக்ளியோலஸ் என்றேன். "புக்குல கருப்புப் புள்ளியா இல்ல போட்டிருக்கு?" என்று உடனே அடுத்த கேள்வி வந்தது.

சாயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினேன். ஆனால் வகுப்பு அதோடு நிற்கவில்லை. சவ்வு கிடையாது, ரைபோசோம் (புரதம் தயாரிக்கும் துகள்) உருவாகும் இடம் என்று பாடம் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. சவ்வே இல்லாத ஒன்று உட்கருச் சாற்றில் ஏன் கரைந்து போகவில்லை? செல் பிரியும்போது காணாமல் போவது, பிரிந்து முடிந்ததும் எப்படித் திரும்பி வருகிறது? அதற்குள் பாகங்கள் உண்டா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள். இந்த இழையை அச்செடுத்துப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

லாஸ்பேட்டை — ஆய்வகத் தொழில்நுட்பர், புதுச்சேரி

கெடிலக்கரை சார், சாய விஷயத்தை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். மற்றதை ஆராய்ச்சியில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அசிட்டோகார்மைன் முக்கியமாக, டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த குரோமாட்டினைப் பிடிக்கிற சாயம். நியூக்ளியோலஸில் டி.என்.ஏ. மிகக் குறைவு. இருப்பதில் பெரும்பங்கு புரதம், அடுத்து ஆர்.என்.ஏ. அதுவும் போக, வேரை மென்மையாக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்குகிறோம் இல்லையா, அதில் ஆர்.என்.ஏ. பெருமளவு சிதைந்து வெளியேறிவிடும். அதனால்தான் சிவப்புக்கு நடுவே வெளிறிய வட்டம். டி.என்.ஏ.வுக்கு மட்டும் நிறமேற்றும் ஃபியூல்ஜன் முறையிலும் இப்படித்தான் வரும். இரும்பு ஹிமட்டாக்சிலின் போட்டால் நேர்மாறாக நியூக்ளியோலஸ்தான் கரிய புள்ளியாக எடுப்பாகத் தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்திலும் உட்கருவுக்குள் மிக அடர்த்தியான இடம் அதுதான். புத்தகப் படம் அந்த வழியில் வந்ததாக இருக்கும்.

உங்களிடம் மெத்தில் கிரீன்–பைரோனின் இருந்தால் அதைப் போட்டுக் காட்டுங்கள். குரோமாட்டின் நீலப்பச்சையாகும், நியூக்ளியோலஸும் சைட்டோபிளாசமும் இளஞ்சிவப்பாகும். அமிலத்தில் சூடாக்கிய திசு மட்டும் வேண்டாம். 1940களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான் பிராஷே இதே சாயத்தை வைத்துத்தான் நியூக்ளியோலஸில் ஆர்.என்.ஏ. இருப்பதைக் காட்டினார். ஆர்.என்.ஏ.வை மட்டும் அறுக்கும் நொதியில் திசுவை முதலில் ஊறவைத்தால் அந்த இளஞ்சிவப்பு வரவே வராது. அந்தக் காலத்தில் அதைவிடச் சுத்தமான நிரூபணம் வேறென்ன வேண்டும்?

சாயமே இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது, பலர் இதைச் செய்து பார்ப்பதில்லை. வெங்காயச் செதிலின் உள்பக்கத் தோலை மெல்ல உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் பரப்பி, மடிப்பு விழாமல் கவர் ஸ்லிப் போடுங்கள். நாற்பது மடங்கு லென்ஸ். இப்போது மேடைக்கு அடியிலுள்ள டயாஃப்ரத்தை முக்கால்வாசி மூடுங்கள். உட்கரு சாம்பல் நிறத் தட்டுபோலத் தெரியும். ஃபைன் ஃபோகஸை இப்படியும் அப்படியும் ஒரு மயிரிழை திருப்பினால் அதற்குள் ஒன்றிரண்டு உருண்டைகள் பளிச்சென்று வந்து மங்கும். உயிருள்ள செல்லின் நியூக்ளியோலஸ் அது. சுற்றியுள்ள சாற்றைவிட அடர்த்தி அதிகமானதால் ஒளியை அதிகம் வளைக்கிறது, அவ்வளவுதான். ஓட்டை என்று நினைத்த பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள்.

வெள்ளாறு — ஆராய்ச்சி மாணவி, பரங்கிப்பேட்டை

சார், உள்பாகங்களைப் பற்றி நான் எழுதுகிறேன். பாலூட்டிகளின் செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் நியூக்ளியோலஸ் மூன்று பகுதியாகத் தெரியும். நடுவில் வெளிறிய சிறு திட்டுகள், அவை இழை மையங்கள். அவற்றைச் சுற்றி அடர்ந்த இழைப்பகுதி. இரண்டையும் உள்ளே வைத்துக்கொண்டு வெளியே பரந்திருப்பது குருணைப்பகுதி.

இந்த மூன்றையும் தனித்தனிப் பாகங்களாக மனப்பாடம் செய்யாமல், ஒரு ஆர்.என்.ஏ. இழை நடந்துபோகும் பாதையாகப் பார்த்தால் மறக்கவே மறக்காது. ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுக்களும், அவற்றைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 1 நொதியும் இழை மையத்தில் இருக்கின்றன. படியெடுப்பு நடப்பது மையத்துக்கும் அடர்ந்த இழைப்பகுதிக்கும் நடுவிலுள்ள எல்லையில். மனிதனில் முதலில் வருவது 47எஸ் (எஸ் என்பது மையவிலக்கியில் படியும் வேகத்தைக் குறிக்கும் அலகு) என்ற ஒரே நீண்ட இழை. அது அடர்ந்த இழைப்பகுதிக்குள் நகரும்போது பிற்பாடு வேண்டிய திருத்தங்களெல்லாம் தொடங்கிவிடும். அங்கே ஃபைப்ரிலாரின் என்ற புரதமும், ஸ்னோ ஆர்.என்.ஏ. எனப்படும் சின்னச் சின்ன வழிகாட்டி ஆர்.என்.ஏ.க்களும் காத்திருக்கின்றன. எந்த எழுத்தில் மெத்தில் சேர்க்க வேண்டும், எந்த யூரிடின் எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்று காட்டுவது இந்த வழிகாட்டிகள்தான். ஒரு மனித ரைபோசோமில் இரு வகைத் திருத்தங்களும் சேர்ந்து சுமார் இருநூறு இடங்களில் வரும். அப்புறம் குருணைப்பகுதி. இழை வெட்டப்பட்டு 18எஸ், 5.8எஸ், 28எஸ் என்று மூன்றாகும் வேலையில் பெரும்பகுதியும், ரைபோசோம் புரதங்கள் ஏறி உட்காருவதும் இந்தப் பாதையில் படிப்படியாக நடந்து இங்கே முதிர்கின்றன.

கவனிக்க வேண்டியது, அந்தப் புரதங்கள் இங்கே தயாராவதில்லை. சைட்டோபிளாசத்தில் ஏற்கனவே இருக்கும் ரைபோசோம்கள் அவற்றைச் செய்து, உட்கருத் துளை வழியாக உள்ளே அனுப்புகின்றன. இங்கே ஆர்.என்.ஏ.வோடு சேர்ந்து, 40எஸ் என்றும் 60எஸ் என்றும் இரண்டு துணையலகுகளாகத் தனித்தனியே வெளியேறுகின்றன. சிறியதில் 33 புரதங்கள், பெரியதில் 47. கடைசிக்கட்ட முதிர்ச்சி வெளியே போன பிறகுதான். ஆகவே நியூக்ளியோலஸில் முழு ரைபோசோம் உருவாகிறது என்று எழுதுவது சரியில்லை. துணையலகுகள் கோக்கப்படுகின்றன என்று எழுதச் சொல்லுங்கள்.

வேகம் என்று பார்த்தால், நன்றாக வளரும் ஒரு ஈஸ்ட் செல் நிமிடத்துக்குச் சுமார் 2000 ரைபோசோம்களை உருவாக்குகிறது. வளரும் செல்லில் உள்ள மொத்த ஆர்.என்.ஏ.வில் 80 சதவீதம் அளவுக்கு ரைபோசோம் ஆர்.என்.ஏ.தான்.

நெல்லிக்குப்பம் — பிளஸ் ஒன் மாணவன்

அக்கா, நீட்டுக்கு இதில் எது முக்கியம்? எங்கள் மெட்டீரியலில் மூன்று பாகம் பற்றி எதுவும் இல்லை.

வெள்ளாறு

தம்பி, தேர்வுக்கு இவை போதும்: சவ்வு இல்லை, உள்ளே இருப்பது உட்கருச் சாற்றோடு தொடர்ச்சியாக இருக்கிறது, ரைபோசோம் ஆர்.என்.ஏ. உருவாகும் இடம், புரதம் அதிகம் தயாரிக்கும் செல்லில் பெரிதாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கும், புரோபேஸ் முடிவில் மறைந்து டீலோபேஸில் திரும்பும். ஆனால் மேலே எழுதியதைப் படித்துவிட்டு இவற்றைப் படித்தால் ஐந்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

திருப்பாதிரிப்புலியூர் — ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர்

நல்ல இழை. வரலாற்றையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வோம், ஏனென்றால் இந்த உறுப்பின் வேலை என்ன என்று கண்டுபிடிக்க மனிதர்களுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

1781இல் இத்தாலியரான ஃபெலிசே ஃபொண்டானா விலாங்கு மீனின் தோலிலுள்ள வழவழப்புச் செல்லில் உட்கருவையும் அதற்குள் ஒரு புள்ளியையும் வரைந்து வைத்தார். 1830களில் வாக்னர் முட்டைச் செல்களில் அதே புள்ளியை விவரித்தார். எங்கும் இருக்கிறது, எதற்கு என்று தெரியவில்லை. அப்படியே நூறு ஆண்டு ஓடியது.

1931இல் ஜெர்மானியரான எமில் ஹைட்ஸ், நியூக்ளியோலஸ் உட்கருவில் கண்ட இடத்தில் முளைப்பதில்லை, சில குரோமோசோம்களில் சென்ட்ரோமியர் தவிர இன்னோரிடத்திலும் மெலிந்து தெரியும் இரண்டாம் குறுக்கத்தில்தான் உருவாகிறது என்று காட்டினார். 1934இல் பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆறாவது குரோமோசோமில் அந்த இடம் இரண்டாக முறிந்து, ஒரு துண்டு வேறு குரோமோசோமில் ஒட்டிக்கொண்ட செடி அவரிடம் இருந்தது. இரண்டு துண்டுமே தனித்தனி நியூக்ளியோலஸை உண்டாக்கின. இடம் பிரிந்தாலும் திறன் இரண்டிலும் இருக்கிறது என்றால், அங்கே ஒரே வேலையைச் செய்யும் பல அலகுகள் வரிசையாக இருக்க வேண்டும். இன்று அதை ரைபோசோம் மரபணுக்களின் அடுக்கு வரிசை என்கிறோம். வெறும் ஒளி நுண்ணோக்கியையும் கார்மைனையும் வைத்துக்கொண்டு, டி.என்.ஏ.தான் மரபுப்பொருள் என்றே தெரியாத காலத்தில் அந்த அம்மையார் அந்த இடத்தைத் தொட்டுவிட்டார். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

வேலை என்ன என்பதற்குச் சந்தேகமில்லாத விடை ஒரு தவளையிலிருந்து வந்தது. ஆப்பிரிக்கத் தவளையான சீனோபஸில் ஒரு பிறழ்வு. வழக்கமாகச் செல்லுக்கு இரண்டு நியூக்ளியோலஸ், இதில் ஒன்றே ஒன்று. 1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் இதை விவரித்தார்கள். அப்படிப்பட்ட இரண்டு தவளைகளை இணைத்தால் குஞ்சுகளில் கால்பங்குக்கு இரண்டு, பாதிக்கு ஒன்று, மீதிக் கால்பங்குக்கு நியூக்ளியோலஸே கிடையாது. மெண்டல் விகிதம் அப்படியே. கெடிலக்கரை, இதைக் கரும்பலகையில் போட்டால் இரண்டு பாடம் ஒன்றாக நடக்கும். 1964இல் டொனால்ட் பிரௌனும் ஜான் கர்டனும் அந்த நியூக்ளியோலஸ் இல்லாத கருக்களை எடுத்துப் பார்த்தார்கள். மற்ற ஆர்.என்.ஏ.க்கள் உருவாகின்றன, 18எஸ்ஸும் 28எஸ்ஸும் மட்டும் புதிதாக உருவாகவே இல்லை. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

நெல்லிக்குப்பம்

ஐயா, ஒரு சந்தேகம். ரைபோசோமே செய்ய முடியாத கரு உடனே செத்துப்போக வேண்டாமா? எப்படிக் குஞ்சு வரைக்கும் வந்தது?

வெள்ளாறு

ஐயா பதில் எழுதுவதற்குள் நான் முந்திக்கொள்கிறேன், இது எங்கள் பக்கத்து விஷயம்.

தாய்த்தவளை முட்டைக்குள் வைத்து அனுப்பிய ரைபோசோம்களை வைத்துத்தான் அந்தக் கரு வளர்கிறது. தலைப்பிரட்டையாகி நீந்தக்கூடச் செய்யும், கையிருப்பு தீர்ந்ததும் இறந்துவிடும். அப்படியானால் ஒரு முட்டைச் செல் எத்தனை ரைபோசோம் சேர்த்து வைக்க வேண்டும் என்று யோசித்துப் பார். வழக்கமான மரபணு எண்ணிக்கை அதற்குப் போதாது. அதனால் சீனோபஸின் முட்டைச் செல் தன் ரைபோசோம் மரபணுக்களை மட்டும் தனியாகப் பலமடங்கு நகலெடுக்கிறது. அந்த நகல்கள் குரோமோசோமை விட்டுத் தனியே நின்று ஒவ்வொன்றும் நியூக்ளியோலஸ் ஆகின்றன. ஒரே உட்கருவில் ஆயிரத்துக்கும் மேல்.

நம் வெள்ளாற்று முகத்துவாரத்தில் கிடைக்கும் மடவை மீனிலேயே இதன் சாயலைப் பார்க்கலாம். சினைப்பையை வெட்டி ஹிமட்டாக்சிலின்–ஈயோசின் போட்டால், இளம் முட்டைச் செல்லின் உட்கரு வெளிறிய பெரிய வட்டமாக இருக்கும். அதன் உள்விளிம்பை ஒட்டி, சுவரில் சாய்ந்து நிற்பதுபோல், கருநீல நியூக்ளியோலஸ்கள் சுற்றிவர நிற்கும். பத்து எளிதில் தேறும், சிலதில் அதைவிட அதிகம். மீன் இனப்பெருக்கம் படிப்பவர்கள் முட்டை வளர்ச்சியில் ஒரு கட்டத்தையே இதைப் பார்த்துத்தான் அடையாளம் காண்கிறோம். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அந்தச் செல் எதிர்காலத்துக்காக எவ்வளவு மும்முரமாக உழைக்கிறது என்றுதான் தோன்றும்.

காலாப்பட்டு — இயற்பியல் ஆய்வாளர், புதுச்சேரி

சவ்வு இல்லாமல் ஏன் கரையவில்லை என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அது எங்கள் வட்டாரக் கேள்வி.

மீன் குழம்பின் மேல் நல்லெண்ணெய்த் துளிகள் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குச் சவ்வு கிடையாது, ஆனாலும் கரையாமல் உருண்டையாக நிற்கும். இரண்டு துளி தொட்டுக்கொண்டால் ஒன்றாகிவிடும். 2011இல் பிராங்வின், மிட்சிசன், ஹைமன் மூவரும் சீனோபஸ் முட்டைச் செல்லின் நியூக்ளியோலஸ் இப்படித்தான் நடந்துகொள்கிறது என்று அளந்து காட்டினார்கள். இரண்டு உருண்டைகள் தொட்டதும் நடுவே கழுத்து உருவாகி, மெல்லத் தடித்து, ஒரே உருண்டையாகின்றன. ஆகும் நேரத்திலிருந்து பிசுபிசுப்பையே கணக்கிடலாம். தண்ணீரைவிட மிகப் பல மடங்கு பிசுபிசுப்பு. புரதங்களிலுள்ள நெகிழ்வான வால் பகுதிகளும் ஆர்.என்.ஏ.வும் ஒன்றையொன்று பலவீனமாகப் பல இடங்களில் பற்றிக்கொள்கின்றன. செறிவு ஒரு அளவைத் தாண்டினால் கலவை தானாகவே இரண்டாகப் பிரிகிறது.

2016இல் அதே குழு இன்னொன்றும் செய்தது. ஃபைப்ரிலாரினையும், குருணைப்பகுதியின் புரதமான நியூக்ளியோஃபாஸ்மினையும் சுத்தமாக எடுத்துச் சோதனைக்குழாயில் கலந்தால், இரண்டும் கலக்காமல் ஒன்றுக்குள் ஒன்றாகத் துளியாகின்றன. ஃபைப்ரிலாரின் உள்ளே, நியூக்ளியோஃபாஸ்மின் வெளியே. செல்லில் இருக்கும் அதே அடுக்கு! பரப்பு இழுவிசை வேறுபாடு மட்டுமே அடுக்கைத் தீர்மானிக்கிறது. ஆக, கட்டமைப்புக்குத் தனியாக எந்தக் கட்டளையும் தேவையில்லை, இயற்பியலே போதும்.

திருப்பாதிரிப்புலியூர்

காலாப்பட்டு தம்பி, அளவீடுகளை ஏற்கிறேன். கடைசி வாக்கியத்தை ஏற்க மாட்டேன்.

ஆக்டினோமைசின் டி என்ற மருந்தைக் குறைந்த அளவு கொடுத்து பாலிமரேஸ் 1ஐ மட்டும் நிறுத்திப் பாருங்கள். புரதங்கள் அப்படியே இருக்கின்றன, ஆனால் அந்த மூன்றடுக்கு அமைப்பு குலைந்துவிடுகிறது. நடுவில் இருந்த மரபணுக்களும் இழைப்பகுதியும் விளிம்புக்கு வந்து தொப்பிபோல் ஒட்டிக்கொள்கின்றன. உருண்டையும் சுருங்கிப்போகிறது. இயற்பியலே போதும் என்றால் படியெடுப்பு நின்றதும் ஏன் உள்ளிருந்தது வெளியே வர வேண்டும்? உருவம் வேலையிலிருந்து வருகிறது. மரபணு ஓரிடத்தில் கட்டுண்டு இருக்கிறது, அதிலிருந்து ஆர்.என்.ஏ. ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது, அதைச் சுற்றித்தான் இந்த அடுக்கெல்லாம். கட்டமைப்பு ஐந்து மதிப்பெண், பணி ஐந்து மதிப்பெண் என்று வினாத்தாளில் பிரித்துக் கேட்பது இந்த உறுப்புக்குக் கொஞ்சமும் பொருந்தாது என்று நான் பணியில் இருந்த காலமெல்லாம் சொல்லிவந்திருக்கிறேன்.

காலாப்பட்டு

ஐயா சொல்வது சரியான எதிர்வாதம். சோதனைக்குழாயில் நாங்கள் பார்ப்பது சமநிலையில் உள்ள துளி. செல்லில் இருப்பது சமநிலையில் இல்லை, நடுவில் ஆர்.என்.ஏ. பிறந்து வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. "போதும்" என்பதை "அடித்தளம்" என்று மாற்றிக்கொள்கிறேன். ஆனால் துளி என்ற பார்வை இல்லாமல், பகுப்பில் மறைந்து திரும்புவதை எளிதாக விளக்க முடியாது.

இன்னொன்று, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தவளை முட்டைச் செல்லின் உட்கரு வெறும் கண்ணால் பார்க்கிற அளவு, கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய உட்கருவில் இந்தக் கனமான துளிகள் புவியீர்ப்பால் அடியில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சேரவில்லை. காரணம் உள்ளே ஆக்டின் என்ற புரத இழைகளாலான ஒரு மெல்லிய வலை. 2013இல் அந்த வலையைக் குலைத்துப் பார்த்தார்கள். நியூக்ளியோலஸ்கள் ஒவ்வொன்றாக அடியில் இறங்கி, ஒன்றோடொன்று கூடிப் பெரிய உருண்டைகளாகிவிட்டன. ஒரு செல்லுக்குள் புவியீர்ப்பு தெரிவது எவ்வளவு அபூர்வம்!

வெள்ளாறு

பகுப்பு பற்றிச் சேர்த்துவிடுகிறேன். செல் பகுப்புக்குள் நுழையும்போது சிடிகே 1 என்ற நொதி, பாலிமரேஸ் 1க்குத் துணையான புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றிவிடுகிறது. படியெடுப்பு நிற்கிறது, நியூக்ளியோலஸ் கலைகிறது. ஆனால் எல்லாமே சிதறிவிடுவதில்லை. யூபிஎஃப் என்ற புரதம் மரபணுவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் மெட்டாபேஸ் குரோமோசோமில்கூட அந்த இடம் குறுக்கமாகத் தெரிகிறது. மற்ற பல புரதங்கள் குரோமோசோம்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கின்றன. டீலோபேஸில் தடை நீங்கியதும் அதே இடங்களில் படியெடுப்பு தொடங்குகிறது, எல்லாம் திரும்பக் கூடுகின்றன.

மனிதனில் அந்த இடங்கள் 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து குரோமோசோம்களின் குட்டைக் கைகளில். ஜோடியாகப் பத்து. மொத்தம் சில நூறு மரபணு நகல்கள், எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதால் வரிசைப்படுத்துவது பெரும்பாடு. மனித மரபணுத் தொகுதி முடிந்துவிட்டது என்று 2003இல் அறிவித்தபோதும் இந்தப் பகுதி காலியாகத்தான் இருந்தது, 2022இல்தான் நிரப்பினார்கள். 5எஸ் மட்டும் தனி: முதலாம் குரோமோசோமில், பாலிமரேஸ் 3ஆல், நியூக்ளியோலஸுக்கு வெளியே உருவாகி உள்ளே வருகிறது.

பண்ருட்டி

இந்த இழையைப் படித்துக்கொண்டு வந்தேன். உயிரியல் படித்தவன் இல்லை, முந்திரி வியாபாரம். அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கட்டி என்று அறுவை செய்து பயாப்சி அறிக்கை வந்திருக்கிறது. அதில் நியூக்ளியோலஸ் எடுப்பாகத் தெரிகிறது, கிரேடு 3 என்று இருக்கிறது. மருத்துவரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. இதற்கு என்ன பொருள் என்று யாராவது சொல்ல முடியுமா?

முத்தியால்பேட்டை — நோய்க்குறியியல் மருத்துவர், புதுச்சேரி

பண்ருட்டி அண்ணே, அந்தச் சொல்லின் பொருளை மட்டும் சொல்கிறேன். அப்பாவுக்கு என்ன என்பதை அவருடைய மருத்துவர்தான் முழு அறிக்கையையும் ஸ்கேனையும் வைத்துச் சொல்ல வேண்டும்.

சிறுநீரகப் புற்றுநோயில் பரவலான ஒரு வகைக்குத் தரம் பிரிப்பதே நியூக்ளியோலஸைப் பார்த்துத்தான். மொத்தம் நூறு மடங்கு பெருக்கத்திலேயே கண்ணில் பட்டால் மூன்றாம் தரம். நானூறு மடங்குக்குப் போனால்தான் தெளிவாகத் தெரிகிறது என்றால் இரண்டாம் தரம். அங்கும் சரியாகத் தெரியவில்லை என்றால் முதல் தரம். நான்காவது வேறு கணக்கு, செல்களின் உருவமே பெரிதும் மாறியிருக்கும். ஆக உங்கள் அறிக்கையில் உள்ளது, செல்கள் ரைபோசோம்களை வேகமாகச் செய்துகொண்டிருக்கின்றன, அதாவது கொஞ்சம் சுறுசுறுப்பான கட்டி என்ற தகவல். ஆனால் கட்டி எவ்வளவு பெரியது, சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்ததா, முழுதாக எடுக்கப்பட்டதா என்பவையெல்லாம் இதே அளவு முக்கியம். சில நேரம் இதைவிடவும் முக்கியம். அறிக்கையில் நிலை (ஸ்டேஜ்) என்ற வரியையும் விளிம்பு (மார்ஜின்) என்ற வரியையும் குறித்துவைத்துக்கொண்டு அதைப் பற்றிக் கேளுங்கள். தரம் மூன்று என்பதும் நிலை மூன்று என்பதும் ஒன்றல்ல. பலர் இங்கே குழம்பி வீணாகக் கலங்குகிறார்கள்.

மற்றவர்களுக்கு: புற்றுநோய்ச் செல்லில் நியூக்ளியோலஸ் பெருத்திருப்பதை 1896லேயே பியானேசே எழுதிவிட்டார். நிணநீர்ப் புற்றுநோயான ஹாட்ஜ்கின் நோயில் வரும் ரீட்–ஸ்டெர்ன்பெர்க் செல்லில் இரண்டு உட்கருவும் ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய சிவந்த நியூக்ளியோலஸும் ஆந்தை முழிப்பதுபோல் இருக்கும், ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் பெரிய நியூக்ளியோலஸ் என்றாலே புற்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நரம்புச் செல்லில் எப்போதும் பெரிதுதான். கல்லீரல் செல்லில் நன்றாகத் தெரியும். புண் ஆறும் இடத்தில் புதிதாக வளரும் தோல் செல்களிலும் பெருத்திருக்கும். இரத்தத்தில் ஓய்வாக இருக்கும் லிம்போசைட் என்ற வெள்ளணுவில் தேடிப் பிடிக்க வேண்டும். அதே செல் கிருமியைக் கண்டு விழித்துக்கொண்டால் எடுப்பாக வந்துவிடும்.

சிகிச்சையிலும் இதற்குப் பங்கு உண்டு. ஐயா சொன்ன ஆக்டினோமைசின் டி, குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டிக்கு இன்றும் தருகிற மருந்து. ரைபோசோம் வேலை தடைபட்டால் செல் சும்மா இருப்பதில்லை. வேலையின்றி மிஞ்சும் எல்5, எல்11 புரதங்கள் 5எஸ் ஆர்.என்.ஏ.வோடு சேர்ந்து எம்டிஎம்2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. செல்லின் காவல் புரதமான பி53ஐ ஓயாமல் அழித்துவந்தது அதுதான். அது கட்டுண்டதும் பி53 எழும்பி, செல் பிரிவதை நிறுத்துகிறது அல்லது செல்லையே முடித்துவைக்கிறது. ரைபோசோம் கோப்பதில் ஏதோ சரியில்லை என்றால் உடம்புக்கு முதலில் தெரிவது இப்படித்தான்.

பண்ருட்டி

ரொம்ப நன்றிங்க டாக்டர். விளிம்பில் கட்டி இல்லை என்று இருக்கிறது, இப்போதுதான் தேடிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டேன்.

நெல்லிக்குப்பம்

எல்லாச் செல்லுக்கும் ரைபோசோம் வேண்டும் என்றால், அதில் பிறவிக் கோளாறு வந்தால் உடம்பு முழுவதும் பாதிக்க வேண்டும் இல்லையா?

முத்தியால்பேட்டை

அப்படித்தான் எதிர்பார்ப்போம் தம்பி, ஆனால் அப்படி நடப்பதில்லை. டைமண்ட்–பிளாக்ஃபேன் இரத்தசோகையில் ரைபோசோம் புரத மரபணு ஒன்று பழுது. முதலில் கண்டுபிடித்தது ஆர்பிஎஸ்19, 1999இல். பாதிப்பு பெரும்பாலும் சிவப்பணு உற்பத்தியில்தான். ட்ரீச்சர் காலின்ஸ் நோயில் நியூக்ளியோலஸிலுள்ள ட்ரீக்கிள் என்ற புரதம் குறைகிறது, கன்ன எலும்பும் தாடையும் காதும் சரியாக உருவாவதில்லை. கருவில் முகத்தை உருவாக்கும் செல்கள் மிக வேகமாகப் பெருக வேண்டியவை. அந்த நேரத்தில் ரைபோசோம் போதாமல் பி53 எழும்பினால் அவை இறந்துபோகின்றன. தேவை உச்சத்தில் இருக்கும் இடத்தில் அடி முதலில் விழுகிறது. இது விளக்கத்தின் ஒரு பகுதி. மீதியை உன் தலைமுறை கண்டுபிடிக்கட்டும்.

கெடிலக்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். வரும் வாரம் இரண்டு பீரியடு கேட்டு வாங்கியிருக்கிறேன். முதலில் லாஸ்பேட்டை சொன்னபடி சாயமில்லாத வெங்காயத் தோல், அடுத்து வேர்நுனி. ஐயா, வேர்நுனியில் வெறும் பகுப்பு நிலைகளை எண்ணுவதோடு விடாமல், நியூக்ளியோலஸை வைத்துப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கிற மாதிரி ஏதாவது கொடுக்க முடியுமா?

திருப்பாதிரிப்புலியூர்

முடியும். நுனியை நசுக்காமல் நீளவாட்டில் வெட்டிய நிரந்தர ஸ்லைடு உங்கள் பள்ளியில் இருந்தால் அதை எடுங்கள், ஹிமட்டாக்சிலின் போட்டதாக இருந்தால் நல்லது. வேர்மூடிக்குச் சற்று மேலே பகுப்புப் பகுதியிலுள்ள செல்களில் நியூக்ளியோலஸின் குறுக்களவை உட்கருவின் குறுக்களவோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். அப்படியே மேலே நகர்ந்து, செல்கள் நீண்டு முதிர்ந்த இடத்தில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவுகோல் லென்ஸ் இல்லாவிட்டாலும் கண்மதிப்பிலேயே பாதி, கால் என்று எழுதினால் போதும். முதிர்ந்த செல்லில் சிறுத்திருப்பது யாருக்கும் தெரியும்.

இரண்டாவது, எண்ணிக்கை. டீலோபேஸிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஜோடிச் செல்கள் பக்கத்துப் பக்கத்தில் சின்னதாக இருக்கும், அவற்றில் மூன்று நான்கு சிறிய நியூக்ளியோலஸ்கள் கிடைக்கும். அளவில் வளர்ந்த செல்களில் ஒன்று அல்லது இரண்டு பெரியதாக. ஏன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். காலாப்பட்டு எழுதியதைப் படித்த பிள்ளைகள் அவர்களே சொல்வார்கள்.

லாஸ்பேட்டை

நீளவாட்டு வெட்டு ஸ்லைடு என்னிடம் இரண்டு கூடுதலாக இருக்கிறது, இரும்பு ஹிமட்டாக்சிலின் போட்டது. சனிக்கிழமை கடலூர் வருகிறேன், பேருந்து நிலையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் சார். பைரோனின் சாயமும் ஒரு சின்னப் பாட்டிலில் தருகிறேன், வெளிச்சம் படாமல் வையுங்கள்.